மிஸ் யூ-வைப் பகல்ல சொல்லுங்க!

‘‘வேலை கிடைச்சா முதல் மாச சம்பளத்துல ட்ரீட் மச்சி!’’ - காலேஜ் கேன்டீனில் இப்படி எத்தனை பேருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறீர்கள்? நானும் கொடுத்தேன். ஆனால், வேலை கிடைத்த நேரத்தில் ட்ரீட் கேட்ட கேங் மொத்தமும் சிதறிப் போயிருந்தது. ஒருத்தன் கோவை, ஒருத்தன் ஓசூர். ஆயுசுக்கும் யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று நினைத்திருந்தேனோ, அவள் புனே. எனக்குக் கிடைத்தது திருவொற்றியூர்!

அது 2018. மெக்கானிக்கல் முடித்த கையோடு ஒரு கன்டெய்னர் யார்டில் ட்ரெயினி வேலை. கப்பலில் இருந்து இறங்கி வரும் பெட்டிகளில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று பார்த்து எழுதவேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு டெக்னிக் உண்டு. பெட்டிக்குள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்லவேண்டும். கும்மிருட்டு. எங்காவது ஊசி முனை வெளிச்சம் கசிந்தால், அங்கே ஓட்டை. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பெட்டி. அந்த இருட்டில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவள் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க பாஸ், நிஜம்!

கூவம் தாண்டினா வேற ஊர்

சென்னை என்றால் மெரினா, தி.நகர், ஓ.எம்.ஆர். என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கம்பெனி மதில், நடுவில் லாரி. இதுதான் ரூட்டு.

ஆனால், ஹிஸ்டரி எடுத்தால் இந்த ஏரியாதான் எல்லாருக்கும் சீனியர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது ராயபுரம் ஸ்டேஷனில் இருந்து. போய்ச் சேர்ந்தது வாலாஜா ரோடு. தூண் வைத்த அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. ராயபுரம் என்ற பெயரே புனித ராயப்பர் என்கிற பீட்டரிடம் இருந்து வந்தது. அவர் மீனவர். அவருக்கு இங்கே கோயில் கட்டியவர்கள் படகுத் தொழிலாளர்கள். பொருத்தம் எப்படி?

கொஞ்சம் வடக்கே வந்தால் காலடிப்பேட்டை. யாரோ சாமியாரின் காலடி என்று நானும் நினைத்தேன். இல்லையாம். 1717-ல் மதராஸ் கவர்னராக வந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். கோலட் பேட்டை, நம்ம ஆட்கள் வாயில் புகுந்து காலடிப்பேட்டை! மாம்மென் மாப்பிள்ளை 1946-ல் ஒரு ஷெட் போட்டு பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தது திருவொற்றியூரில். அந்த பலூன் கம்பெனிதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கை கோத்த என்ஃபீல்டு புல்லட்டின் ஃபேக்டரியும் இங்கேதான். நீங்கள் காலேஜ் வாசலில் ‘டப் டப்’ என்று சவுண்டு விட்டு சீன் போடுகிறீர்களே, அந்தச் சத்தத்துக்குத் தாய்வீடு திருவொற்றியூர்!

அதாவது, இது உழைக்கிற ஊர். உழைக்கிற ஊரில் சாயங்காலம் சங்கு ஊதியதும் என்ன நடக்கும்?

ஆறரை மணி சங்கம்

எங்கள் யார்டில் நாலு பேர் செட்டு. ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிற ஆபரேட்டர் அண்ணன், காசிமேட்டுக்காரர். இருபது டன் பெட்டியைத் தூக்கி, இன்னொரு பெட்டி மேல் பூ வைக்கிற மாதிரி வைப்பார். அடுத்தது, நாமக்கல் அண்ணன். டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்கும் எங்களுக்கும் நடை அடிப்பவர். மூன்றாவது, டேலி மாமா. ஹார்பரில் ரிட்டயர் ஆகி, எங்கள் யார்டில் கணக்கு எழுத வந்தவர். திருவொற்றியூர் தேரடி பக்கம் பரம்பரை வீடு. நாலாவது, நான்.

வேலை முடிந்ததும் கை, கால் கழுவிக்கொண்டு நேரே டாஸ்மாக் பார்தான். (ஜூனியர்ஸ் கவனிக்க: தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. எனக்கு அப்போது 22. ஐ.டி. ப்ரூஃப் இருக்கு!) தமிழ்நாட்டின் மதுக்கடை கதையே தனி சீரியல். 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தி, 1974-ல் மறுபடி பூட்டி, 1981-ல் மறுபடி திறந்து, 1983-ல் டாஸ்மாக் என்ற கம்பெனி பிறந்து, 2003-ல் இருந்து சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது. இத்தனை அரசாங்கங்கள் திறந்து மூடிய கதவுக்குள்ளே, உடைந்த பிளாஸ்டிக் சேரில், மாங்காய்த் துண்டும் சுண்டலும் வைத்துக்கொண்டு நாங்கள்.

மாமா தொட மாட்டார். அவருக்கு ஒரு பன்னீர் சோடா. எனக்கு ஒரு பீர், அதுவும் பாதிக்கு மேல் இறங்காது. அப்புறம் ஏன் போனேன்? உண்மையைச் சொன்னால், ரூமுக்குப் போகப் பயம். பத்துக்குப் பத்து ரூம். அதுவும் ஒரு கன்டெய்னர் மாதிரிதான். கதவைச் சாத்தினால் அவள் ஞாபகம் வந்துவிடும்.

நாமக்கல் அண்ணனிடம் ஒரு பழக்கம். மறுநாள் காலையில்தான் லோடு, வண்டி யார்டிலேயே நிற்கிறது என்றால் மட்டும்தான் பாருக்கு வருவார். வந்ததும் டம்ளரைத் தொடாமல் முதலில் போனை எடுப்பார். ‘‘சாப்பிட்டியா கண்ணு? பாப்பா ஹோம்வொர்க் எழுதிருச்சா? இங்கயா... லைன்ல நின்னு நின்னு இப்பத்தான் உள்ள உட்டாங்க...’’ மொத்தம் மூன்று நிமிஷம். வைத்துவிட்டு, போனை ஆஃப் பண்ணிப் பையில் போட்டுவிடுவார். ‘‘ஏண்ணா ஆஃப் பண்றீங்க?’’ என்று ஒரு நாள் கேட்டேன். ‘‘இதுக்கு மேல நான் பேசறது நானில்லீங்க தம்பி’’ என்றார்.

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

ஒன்பதே முக்கால் மணி கால்

ஆபரேட்டர் அண்ணன் நேர் எதிர். இரண்டாவது ரவுண்டு தாண்டியதும் அவருக்கு அண்ணி ஞாபகம் வரும். ‘‘என்ன இருந்தாலும் அவ கையால ஒரு வஞ்சிரம் கொழம்பு... இன்னாபா, சொல்லு!’’ என்று ஆரம்பித்தால், கண் கலங்கித்தான் முடியும். அண்ணி எங்கோ ஊரில் இருக்கிறார் போல என்று மூன்று மாசம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மாமா சொன்னார். அண்ணி இருப்பது அதே காசிமேட்டில், இரண்டு தெரு தள்ளி, அம்மா வீட்டில். ‘‘இவன் குடிக்கிறான்னு அவ போயிட்டா. அவ போயிட்டாள்னு இவன் குடிக்கிறான். எதுலேர்ந்து பிரிக்கறது, சொல்லு?’’

நாமக்கல்லுக்கும் திருவொற்றியூருக்கும் ஏறக்குறைய 370 கிலோமீட்டர். அந்த ஜோடி பக்கத்தில் இருக்கிறது. இரண்டு தெருவுக்கு நடுவில் இந்த ஜோடி ஏழு கடல் தூரம்! டிஸ்டன்ஸ் என்பது கிலோமீட்டர் சமாசாரம் இல்லை போலிருக்கிறது.

இவ்வளவும் பார்த்த நான் என்ன செய்தேன்? ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, கடையை மூடப்போகிற நேரத்தில், பார் வாசலில் நின்று அவளுக்கு போன் போட்டேன். பின்னால் லாரி ஹாரன், முன்னால் நாய்ச் சண்டை. ‘‘நீ இல்லாம முடியலடி... வேலையை விட்டுட்டு நாளைக்கே புனே வந்துர்றேன்...’’ என்று ஏதேதோ உளறியிருக்கிறேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

‘‘இந்த மாசத்துல இது நாலாவது தடவை. நாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல. டம்ளர் கையில இருந்தாத்தான் நான் ஞாபகம் வருவேனா?’’

கட். அதற்கப்புறம் 11 நாள் அவள் போனை எடுக்கவில்லை.

மகிழ மரத்தடி சத்தியம்

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்த என்னை, ஒரு சாயங்காலம் மாமா பாருக்குப் பதிலாகக் கோயிலுக்கு இழுத்துப் போனார். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். ‘‘உன் கேஸு புதுசு இல்லைடா. இந்த ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஃபைல் ஆன கேஸு!’’ என்று மகிழ மரத்தைக் காட்டிக் கதையை ஆரம்பித்தார்.

சுந்தரருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் என்று மனைவி. ஒற்றியூர் வந்த இடத்தில் சங்கிலியாரைப் பார்த்ததும் மனசு பறிபோகிறது. ‘உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்கிறது சங்கிலியார் தரப்பு. சந்நிதியில் சத்தியம் செய்தால் மாட்டிக்கொள்வோமே! அதனால் சுந்தரர், சிவனிடமே போய் ‘சத்தியம் செய்கிற நேரத்தில் நீங்கள் சந்நிதியில் இருக்காதீர்கள், மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்’ என்று ஸ்கெட்ச் போடுகிறார். சாமி என்ன லேசுப்பட்டவரா? சங்கிலியார் கனவில் போய், ‘மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிடுகிறார். ஸ்கெட்ச் போட்டவரே ஸ்கெட்ச்சில் காலி!

சத்தியம் செய்து, கல்யாணமும் ஆகிறது. வசந்தம் வருகிறது. திருவாரூர் ஞாபகமும் பரவையார் ஞாபகமும் வாட்ட, ஒரு நாள் ஊர் எல்லையைத் தாண்டுகிறார். அந்த நிமிஷமே இரண்டு கண்ணும் போய்விடுகிறது. அப்புறம் காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண் கிடைத்தது என்கிறது பெரிய புராணம். அங்கே போனாலும் விஷயம் முடியவில்லை. சங்கிலியார் கதை தெரிந்த பரவையார் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் சிவனே தூது போகிறார். முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவைதான் பாஸ்.

மாசி மாசம் இந்தக் கோயிலில் நடக்கிற மகிழடி சேவை, இந்தச் சத்தியத்துக்கான விழாதான். பக்தர்களுக்கு இது பக்தி. எனக்கு அன்றைக்கு இது லாங் டிஸ்டன்ஸ் ரிலேஷன்ஷிப் கைடு! நம் வசதிக்கு ஓர் இடத்தில் சத்தியம் செய்துவிட்டுத் தப்பிக்க முடியாது என்பது முதல் பாடம்.

மறுநாள் பாரில் இந்தக் கதையை ஆபரேட்டர் அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘அவருக்கு சாமியே ரெண்டு தபா தூது போச்சு. நமக்கு யாரு கீறா?’’

சும்மா இருந்திருக்கலாம். ‘‘நான் போறேண்ணா’’ என்று வாயை விட்டேன்.

காசிமேடு, ஞாயிற்றுக்கிழமை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பார்க்கவேண்டும். தேர்த் திருவிழா தோற்றது! வஞ்சிரம், சங்கரா, இறால், கானாங்கத்தை... கூடை கூடையாக ஏலம். ஐஸ் உடைக்கிற சத்தம், பேரம் பேசுகிற சத்தம், நடுவில் புகுந்து வருகிற மீன்பாடி வண்டி. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள் கரைக்குத் திரும்பப் பல நாள் ஆகும். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் டவர் கிடைக்காது. ‘குட் நைட்’ மெசேஜ் கிடையாது, ப்ளூ டிக் சண்டையும் கிடையாது. வருஷத்தில் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாள் ஆக்கினார்கள். வருமானம் இல்லாத அந்த இரண்டு மாசம்தான் பல வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தாற்போல் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற காலம். கஷ்ட காலமும் அதுதான், கல்யாண காலமும் அதுதான்!

அண்ணி ஏலத்தில் கூடை எடுத்து விற்கிறவர். கை சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டிருக்க, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

‘‘இன்னா தம்பி, அவரு அனுப்பிச்சாரா?’’

‘‘இல்லக்கா, நானாத்தான் வந்தேன். அண்ணன் உங்களை ரொம்பத் தேடுறாரு.’’

‘‘தெரியும். வாரத்துக்கு ரெண்டு நாளு, நைட்டு பத்து மணிக்கு மேல எங்கம்மா வூட்டு வாசல்ல வந்து நின்னுகினு ‘நீ இல்லாம முடியல’ன்னு அழுவுறாரு. காத்தால பாத்தா தலையக் குனிஞ்சுகினு எதிர்ப்பக்கமா போறாரு. எது தம்பி நெசம்? நைட்டு பேசுனதா, காத்தால பேசாததா?’’ கத்தியை வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். ‘‘சொல்றத பகல்ல வந்து சொல்லச் சொல்லு.’’

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குச் சொன்ன மாதிரியா இருந்தது? அப்படியே எனக்கு! அரை கிலோ நெத்திலியை ஓசியில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். முதல் தூது ஃபெயில். ஆனால், தூது போனவனுக்கு லாபம்.

ஒரு மணி வெயிலில்...

மறுநாள் திங்கள்கிழமை. மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம். வெயிலில் பெட்டியெல்லாம் தகிக்கிறது. டம்ளர் இல்லை, மாங்காய்த் துண்டு இல்லை, தைரியமும் இல்லை. போன் போட்டேன். எடுக்கவில்லை. செவ்வாய், அதே ஒரு மணி. எடுக்கவில்லை. புதன்கிழமை எடுத்தாள்.

‘‘என்னடா, பகல்ல?’’

சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோனது. பகலில் ‘மிஸ் யூ’ சொல்வது எவ்வளவு கூச்சமான வேலை தெரியுமா? நாக்கு எழும்பாது. ‘‘இன்னிக்கு முப்பத்தெட்டு பெட்டி பார்த்தேன். ஒண்ணுல மட்டும் ஓட்டை இருந்துச்சு’’ என்றேன். அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் ‘‘சாப்டியா?’’ என்றாள். மொத்தம் நாலு நிமிஷம்.

அன்றையிலிருந்து தினமும் மதியம் ஒரு மணி எங்கள் டைம். சாயங்கால சங்கத்துக்கு லீவு விடவில்லை. ஆனால், பீருக்குப் பதில் மாமாவோடு பன்னீர் சோடா. சனிக்கிழமைகளில் மொத்த செட்டும் பஸ் பிடித்து பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிடப் போவோம். 1960-களில் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். ஒரு ஊரையே மிஸ் பண்ணியவர்கள், அதைத் தட்டில் பிசைந்து நமக்கு ஊட்டுகிறார்கள். நாம் ஒரு ஆளை மிஸ் பண்ணுவதற்கு இவ்வளவு அலப்பறை!

போன மாசம்...

அவள் இப்போது என் மனைவி. ‘‘நீ எனக்குப் போன் பண்ணின இடத்தையெல்லாம் பார்க்கணும்’’ என்று ரொம்ப நாளாக நச்சரிப்பு. போன மாசம் கூட்டிப்போனேன். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. திறந்த தேதி என்ன தெரியுமா? 2021, பிப்ரவரி 14! இந்த ரூட்டுக்குப் பொருத்தமான தேதிதான்.

எண்ணூர் வரை போனோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம். 1970-ல் ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம், 2001-ல் இருந்து இயங்குகிற காமராஜர் துறைமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், இந்தக் கழிமுகத்தில்தான் படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பியது. ஊருக்கெல்லாம் கரன்ட்டும் சரக்கும் அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் மேல் பூசிக்கொள்கிற ஊர். அவள் ரொம்ப நேரம் பேசாமல் தண்ணீரையே பார்த்தாள்.

திரும்பும் வழியில், பழைய யார்டு பக்கம் ஒரு டிரெய்லர் நீளமாக ஹாரன் அடித்தது. சட்டென்று என் கையைப் பிடித்தாள். ‘‘இந்த சத்தம்தான்... இந்த சத்தம் கேட்டாலே அப்ப எனக்கு வயித்தைக் கலக்கும், தெரியுமா? ‘இன்னிக்கும் பாருக்குப் போயிட்டான்’னு.’’ அது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. நான் மிஸ் பண்ணிய கதை மட்டும்தான் எனக்குத் தெரியும். எதிர்முனையில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்த கதை தெரியாது.

தேரடியில் ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்தோம். தலை நரைத்திருந்தது. டீக்கடையில் இஞ்சி டீ. அவளுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். ‘‘அண்ணி?’’

‘‘இன்னும் வூட்டுக்கு வரலபா. ஆனா, மாசி திருவிழாவுக்கு சேந்துதான் வந்தோம்.’’ கொஞ்சம் நிறுத்தி, வெட்கப்படுகிற மாதிரி சொன்னார். ‘‘நானே போயி கூப்ட்டேன். பகல்ல.’’

இதைப் படிக்கிற நீங்களும் நாளைக்கு எங்கோ ஒரு ஊரில் வேலைக்குப் போவீர்கள். சாயங்காலம் ஆனால் ஒரு செட்டு சேரும். ஒரு டேபிள், நாலு டம்ளர், ஒரு ஞாபகம் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால், போனை மட்டும் அந்த நேரத்தில் எடுக்காதீங்க பாஸ். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, நல்ல வெயிலில், நாக்கு எழும்பாமல் கூச்சத்தோடு சொல்லிப் பாருங்கள்.

அப்போதும் சொல்லத் தோன்றினால், அதுதான் நிஜம்!